மாமா பேசிய பிரெஞ்சு

"டிஜே விழுந்துருச்சு" என்று மாமா சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் பதற மாட்டார்கள். எது விழுந்தது, எங்கிருந்து விழுந்தது, யார் தலையில் விழுந்தது என்று நான் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்போது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. ஜோலார்பேட்டையில் ரயில்வே காலனியை ஒட்டிய தெருவில் குடியிருந்தோம். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கூட்ஸ் டிரைவர். லோகோ பைலட் என்கிற கௌரவமான பெயரெல்லாம் அப்போது வரவில்லை. ராத்திரி டூட்டி முடிந்து, லைன் பாக்ஸை வாசலில் வைத்துவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவார். காப்பி வரும்வரை, கூட வேலை பார்க்கும் இன்னொருவரோடு பேச்சு ஓடும். "ஜிஆர் ஏறவே இல்லைப்பா." "எம்விஎஸ்எல் பாத்தியா?" "அது ஓடுது. க்யூஓபி டார்கெட் விழுந்து கிடக்கு." இப்படியே போகும்.

இதெல்லாம் இங்கிலீஷ் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் கற்றுக்கொண்ட பிறகும் எனக்குப் புரியவில்லை. ஒருநாள் மாமாவிடமே கேட்டேன்.

"டிஜேன்னா என்ன மாமா?"

"சர்க்யூட் பிரேக்கர்டா. மேல கம்பியிலேர்ந்து வர்ற கரண்ட்டை வாங்கி உள்ள விடுறது."

"சர்க்யூட் பிரேக்கர்னா சிபின்னுதானே இருக்கணும்?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "புக்குல டிஜேன்னுதான் போட்டிருக்கு" என்றார். புக் என்று அவர் சொன்னது, ஒவ்வொரு டிரைவரும் பெட்டியில் வைத்திருக்கும் பழுதுபார்க்கும் கையேடு. டிரபிள் ஷூட்டிங் டைரக்டரி என்று பெயர், சுருக்கமாக டிஎஸ்டி. ஓரம் மடங்கி, எண்ணெய்க் கறையோடு, ரப்பர் பேண்டு போட்டிருக்கும். எங்கள் தாத்தாவின் பஞ்சாங்கமும் ஏறத்தாழ அந்த நிலையில்தான் இருந்தது.

விடை கிடைக்க இருபது வருடம் ஆனது. வேறு எதையோ தேடும்போது பிரான்ஸ் நாட்டு மின்சார இஞ்சின் ஒன்றின் கேபின் படம் கண்ணில் பட்டது. சுவிட்சுகளுக்கு அடியில் எழுத்துகள். ‘பிஎல்’, அடைப்புக்குறிக்குள் ‘டிஜே’. பக்கத்தில் ‘இசட்’, அடைப்புக்குறிக்குள் ‘பிடி’. மாமாவின் வாயில் அவை பிஎல்டிஜே, இசட்பிடி. டிஜே என்றால் டிஸ்ஜோன்க்தேர். பிரெஞ்சில் சர்க்யூட் பிரேக்கருக்கு அதுதான் பெயர். டிஜே விழுந்தது என்றால், அது தானே திறந்துகொண்டு கரண்ட்டை வெட்டிவிட்டது என்று அர்த்தம். ஜிஆர் என்றால் கிராதுவாத்தேர், மோட்டாருக்குப் போகும் வோல்டேஜைப் படிப்படியாக ஏற்றும் டேப் சேஞ்சர். எம்வி என்றால் மோத்தேர் வாந்திலாத்தேர், காற்றூதும் மோட்டார். எஸ்எல் என்றால் மின்னோட்டத்தைச் சமன் செய்யும் காயில். க்யூ என்று தொடங்குவதெல்லாம் ரிலே, கோளாறு கண்டால் டிஜேவை விழவைக்கும் காவலாளி. எந்த ரிலே விழுந்தது என்று காட்டும் சின்ன அடையாளம்தான் டார்கெட். பிஎல் என்பதுகூட நெம்புகோல் பெட்டி என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம்தான்.

பாண்டிச்சேரிக்கு ஒரே ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த மாமா, முப்பது வருடமாக ஜோலார்பேட்டைத் திண்ணையில் உட்கார்ந்து பிரெஞ்சு பேசியிருக்கிறார். அவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது.

அந்த பிரெஞ்சு எப்படி இங்கே வந்தது என்று தேடப்போய்த்தான் சரக்கு இஞ்சின்களின் வம்சாவளிக்குள் விழுந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

நம் நாட்டில் ரயிலுக்கு மின்சாரம் வந்தது 1925-இல், பம்பாயில். 1,500 வோல்ட் நேர்மின்சாரம், அதாவது டிசி. 1931-இல் சென்னையில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜில் வந்தபோதும் அதே டிசிதான். எலக்ட்ரிக் டிரெயின் என்றாலே ஆட்கள் தொங்கிக்கொண்டு போகும் வண்டிதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அப்போதே சரக்கு இழுக்க ஒய்சிஜி-1 என்று நான்கு குட்டி மின் இஞ்சின்களைத் தென்னிந்திய ரயில்வே வாங்கியிருந்தது. யார்டில் எல்லாத் தடத்துக்கும் மேலே கம்பி இருக்காதே, என்ன செய்வது? பேட்டரி நிறைந்த ஒரு டெண்டரை, அதாவது துணை வண்டியை, கூடவே சேர்த்துக்கொண்டு போகும்படி செய்தார்கள். இன்று பேட்டரியில் ஓடும் ஷண்டிங் இஞ்சின் என்றால் புதுமை என்று செய்தி போடுகிறோம்.

பம்பாய்ப் பக்கம் மலை ஏற்றத்துக்கு வந்த டபிள்யூசிஜி-1 வேறு ரகம். நடுவில் உடம்பு, முன்னும் பின்னும் நீண்ட மூக்கு. ஐரோப்பாவில் இந்த வடிவத்துக்கு முதலை என்று பெயர். மராத்திக்காரர்கள் கேக்டா, அதாவது நண்டு என்றார்கள். எனக்கு நண்டுதான் பொருத்தமாகத் தெரிகிறது.

டிசியில் ஒரு தொல்லை. வோல்டேஜ் குறைவு என்பதால் கரண்ட் அதிகம் வேண்டும். அதற்குத் தடிமனான செம்புக் கம்பி வேண்டும். சில கிலோமீட்டருக்கு ஒரு சப்ஸ்டேஷன் வேண்டும். பெரிய நாடு முழுக்க இதை இழுத்துக்கொண்டு போக முடியாது. பிரெஞ்சு ரயில்வே அந்தச் சமயத்தில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தை, அதுவும் வீட்டுக்கு வருகிற அதே 50 சைக்கிள் மின்சாரத்தை, ரயிலுக்குப் பயன்படுத்திக் காட்டியிருந்தது. 1957-இல் இந்திய ரயில்வே அதையே எடுத்துக்கொள்ள முடிவு செய்து, அவர்களையே ஆலோசனைக்கு வைத்துக்கொண்டது. 1959 டிசம்பரில் இன்றைய ஜார்க்கண்டின் ராஜ்கர்ஸாவன் பகுதியில், இரும்புத்தாது வரும் தடத்தில், முதல் ஏசி இஞ்சின் ஓடியது. ஆலோசகர் வந்தால் அவருடைய அகராதியும் கூடவே வரும். டிஜே வந்தது அப்படித்தான்.

இனி எழுத்துக்கணக்கு. டபிள்யூ என்றால் அகலப் பாதை. ஏ என்றால் ஏசி. ஜி என்றால் கூட்ஸ். மூன்றையும் சேர்த்து ரயில்வேக்காரர்கள் வேக் என்பார்கள். அதன் பின்னால் வருவது வரிசை எண். வேக்-1 மேற்கு வங்காளத்தின் சித்தரஞ்சன் இஞ்சின் ஆலையில் 1963-இல் பிறந்தது. நவம்பர் 16 அன்று வெளியே வந்த முதல் இஞ்சினுக்கு, வங்காள முதல்வராக இருந்து அதற்கு முந்தைய வருடம் மறைந்த பிதான் சந்திர ராயின் நினைவாக ‘பிதான்’ என்று பெயர் வைத்தார்கள். திறன் 3,000 குதிரைக்குச் சற்றுக் குறைவு. நான்கே அச்சு, ஒவ்வொரு போகிக்கும் ஒரே ஒரு பெரிய மோட்டார். (இங்கே போகி என்றால் ரயில் பெட்டி இல்லை, இஞ்சினுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்.) வேக்-2 ஜப்பானிலிருந்து வந்தது, 45 இஞ்சின்கள். வேக்-3 பத்தோடு நின்றுவிட்டது. வேக்-4 மறுபடி சித்தரஞ்சன். இவற்றையெல்லாம் நான் பார்த்ததில்லை. மாமாவும் ஓட்டியதில்லை. ஆகவே வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

மாமாவின் காலம் வேக்-5-இல் தொடங்குகிறது. 1978-இல் வந்து, இருபது வருடம் உற்பத்தியில் இருந்து, ஆயிரத்துக்கும் மேல் பெருகிய இஞ்சின். ஏறத்தாழ 3,900 குதிரைத்திறன், ஆறு அச்சு, அச்சுக்கு ஒரு மோட்டார். இதன் பிறப்பில்தான் எத்தனை கலப்பு! சக்கரமும் போகியும் அமெரிக்க ஆல்கோ கம்பெனி டீசல் இஞ்சினுக்காக வடிவமைத்தவை. நம் பழைய டீசல்களுக்கு அடியில் இருக்கும் அதே போகிதான். மோட்டார் பிரான்ஸின் ஆல்ஸ்தோம் வடிவமைப்பு. சுவிட்சில் எழுத்து பிரெஞ்சு. உடம்பு வங்காளத்தில் வார்த்தது. ஓட்டுகிறவர் ஆம்பூர் பக்கம். ஒரு வேக்-5 எந்த நாட்டுக்காரன் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

பிறகு எண்ணுக்குப் பின்னால் எழுத்து முளைக்க ஆரம்பித்தது. 5ஏ, 5பி, 5எச்ஏ, 5எச்பி, 5பி என்று இன்னும் என்னென்னவோ. (தமிழில் எழுதினால் பி இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. கடைசி ‘பி’ பாசஞ்சர்.) மாமா இதை அழகாகச் சொல்லித் தந்தார். "நம்ம இனிஷியல் மாதிரிதான்டா. இனிஷியலைப் பாத்தா அப்பன் யாருன்னு தெரிஞ்சிடும்." எச் என்று இருந்தால் மோட்டார் ஜப்பானின் ஹிட்டாச்சி. பிரெஞ்சு மோட்டாரைவிடக் கொஞ்சம் பலசாலி. ரயில் பார்க்கப் போகிற எங்களைப் போன்றவர்களுக்கு இந்த எழுத்துகள் பெரிய போதை. யார்டு ஓரத்தில் நின்று, இஞ்சின் பக்கவாட்டில் எண்ணையும் ஷெட் பெயரையும் படிப்போம். அரக்கோணம், ஈரோடு, விஜயவாடா, காஜிபேட். சொந்த ஊர்க்காரரை வெளியூரில் பார்த்ததுபோல், தூர ஷெட் இஞ்சின் ஒன்று வந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

ஆனால் மாமாவுக்கு எழுத்தில் அவ்வளவு அக்கறை இல்லை. அவர் பார்ப்பது ஒன்றே ஒன்று: வழுக்குமா, வழுக்காதா?

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் போகும் பாதை சோமநாயக்கன்பட்டி, பச்சூர், மல்லானூர் என்று ஏறிக்கொண்டே போய்க் குப்பத்தில் பீடபூமியைத் தொடும். எக்ஸ்பிரஸில் உட்கார்ந்திருப்பவருக்கு ஏற்றம் என்றே தோன்றாது. ஜன்னலுக்கு வெளியே மாமரம் பின்னால் போகும், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான டன்னோடு வருகிற கூட்ஸ் வண்டிக்கு அது வேறு உலகம். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒயிட்ஃபீல்டுக்குப் போகும் கன்டெய்னர் லோடோடு மாமா ஒரு ராத்திரி அங்கே நின்றுபோனார். இதை அவர் பத்து முறையாவது சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் மழை கொஞ்சம் கூடும்.

முதல் முறை சொன்னபோது வெறும் தூறல்தான். அதுதான் உண்மையாக இருக்க வேண்டும். ஏனென்றால் அவரே சொல்வார்: "கொட்டுற மழைக்குப் பயப்படாதே. அது தண்டவாளத்தைக் கழுவிட்டுப் போயிடும். முதத் தூறல்தான் எமன்." தண்டவாளத்தின் மேல் படிந்திருக்கும் தூசும் எண்ணெயும் கொஞ்சம் ஈரத்தோடு சேர்ந்தால் சவர்க்காரம் தடவியதுபோல் ஆகிவிடும். இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம்; இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடம் ஒரு கட்டைவிரல் நகத்தின் அளவுதான். ஆறு அச்சுக்குப் பன்னிரண்டு சக்கரம், பன்னிரண்டு நகம். அந்த நகங்களின் பிடியில்தான் மொத்த வண்டியும் மேலே ஏற வேண்டும்.

இங்கேதான் பழைய மோட்டாரின் குணம் தெரியும். வேக்-5-இலும் 7-இலும் இருப்பது டிசி சீரீஸ் மோட்டார். மேலே கம்பியில் வரும் மாறுமின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மர் குறைக்கும். ஜிஆர் 32 படிகளில் வோல்டேஜை ஏற்றும். ஒவ்வொரு படியும் ஒரு நாட்ச், ஒவ்வொன்றுக்கும் ஒரு டக் என்ற சத்தம். ரெக்டிஃபையர் அதை டிசியாக மாற்றி மோட்டாருக்கு அனுப்பும். நின்ற இடத்திலிருந்து இழுப்பதில் சீரீஸ் மோட்டாருக்கு இணை கிடையாது. ஆனால் சக்கரம் ஒன்று பிடி விட்டதென்றால், தடுக்க ஆளில்லாமல் அது பாட்டுக்கு வேகமெடுத்துச் சுழலும். ஓட ஓட இன்னும் ஓடும். டிரைவர் காதால் கேட்டு, மீட்டர் முள் துள்ளுவதைப் பார்த்து, நாட்சைக் குறைத்து, சாண்டரை மிதித்து மணல் விட்டு, மறுபடி ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். அதற்குள் வண்டியின் வேகம் செத்திருக்கும்.

"குதிரை எத்தனை இருந்தா என்னடா, குளம்பு வழுக்கினா?" என்பார் மாமா.

அன்று ராத்திரி மணலும் தீர்ந்தது. அசிஸ்டெண்ட் இறங்கி, டார்ச் வெளிச்சத்தில் தடத்தோர மண்ணை அள்ளி அள்ளித் தண்டவாளத்தில் போட்டாராம். பத்தடி நகரும், நிற்கும். கடைசியில் பின்னாலிருந்து இன்னொரு இஞ்சின் வந்து தள்ளித்தான் மேலே ஏறியது. விடிந்து வீட்டுக்கு வந்தவர் காப்பியைக்கூடத் தொடாமல் படுத்துவிட்டார் என்பது அத்தை சேர்த்துக்கொண்ட தகவல்.

இந்தத் தொல்லைக்கு ஒரே இஞ்சினில் விடை தேடித்தான் ரயில்வே 1980களின் பிற்பகுதியில் வெளிநாட்டில் கடை கடையாக ஏறியது. வேக்-6 என்று 18 இஞ்சின்கள் வந்தன. ஸ்வீடனின் ஆசியா (ASEA) கம்பெனி ஆறு, ஹிட்டாச்சி இரண்டு விதமாக ஆறு ஆறு. 6ஏ, 6பி, 6சி. ஏறத்தாழ 6,000 குதிரைத்திறன், டேப் சேஞ்சருக்குப் பதில் தைரிஸ்டர் என்ற மின்னணு சுவிட்ச். மொத்தமும் விசாகப்பட்டினத்தில் வால்டேர் ஷெட்டுக்குப் போய், கிரந்தூல் பாதையில் இரும்புத்தாது இழுத்தன. கிழக்கு மலைத்தொடரைக் குடைந்து, சுரங்கம் சுரங்கமாகப் போகும் பாதை அது. பைலாதிலா மலையின் தாதுவை ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்வதற்காகவே அறுபதுகளில் போட்டது. ஜப்பானுக்குப் போகும் தாதுவை இழுக்க ஜப்பானிலிருந்து இஞ்சின்! இந்தப் பொருத்தத்தை யாராவது கவனித்துச் சிரித்திருப்பார்கள் என்று நம்புகிறேன். வேக்-6 பெருகவில்லை. ஆனால் வந்த வேலை நடந்தது. 6சி-யின் போகியிலிருந்து கற்ற பாடமும், ஹிட்டாச்சி மோட்டாரும், பழைய டேப் சேஞ்சரும் சேர்ந்துதான் 1992-இல் வேக்-7 ஆனது.

வேக்-7-ஐப் பற்றிப் பேசும்போது மாமாவின் குரலே மாறும். 5,000 குதிரைத்திறன், 123 டன். மூன்று மோட்டாரும் ஒரே பக்கம் பார்த்தபடி பொருத்திய போகி. இழுக்கும்போது இஞ்சின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, முன் சக்கரத்தின் பாரம் குறையும். பழைய போகியில் அதுதான் வழுக்கலுக்குப் பெரிய காரணம். இதில் அந்தக் குறை வெகுவாகத் தணிந்தது. கேபினில் ஏறினால் எல்லாம் பழகியது: அதே டிஜே, அதே ஜிஆர், அதே க்யூ வரிசை ரிலேக்கள். பழைய வீட்டை இடிக்காமல் தூணை மட்டும் மாற்றியதுபோல. 2010களின் நடுப்பகுதி வரை இதைச் செய்துகொண்டே இருந்தார்கள், கிட்டத்தட்ட இரண்டாயிரம் வரை. பக்கத்து வரிசையில் அதைவிட நவீனமான வேக்-9 உருவாகிக்கொண்டிருந்தபோதும்! ஏன் என்று எழுத்தாளர்கள் பொருளாதாரம் பேசுவார்கள். ஸ்பேனரும் டெஸ்ட் லேம்ப்பும் வைத்துக்கொண்டு எந்த ஷெட்டிலும் சரிசெய்துவிடலாம் என்பது என் எளிய விடை. இந்தியச் சரக்கு இஞ்சின்களில் சிறந்தது எது என்று என்னைக் கேட்டால் வேக்-7 என்பேன். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

வேக்-9 வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். 1993-இல் ஏபிபி கம்பெனியோடு ஒப்பந்தம். 22 சரக்கு இஞ்சின்கள், 11 பயணிகள் இஞ்சின்கள், கூடவே தொழில்நுட்பமும். 1998 நவம்பர் 14 அன்று சித்தரஞ்சன் தன் முதல் வேக்-9-ஐ ‘நவயுக்’ என்ற பெயரோடு வெளியே விட்டது. பெயர் மிகையில்லை. உண்மையிலேயே யுகம் மாறியது.

மோட்டாரில் பிரஷ் இல்லை, கம்யூட்டேட்டர் இல்லை. வயல் கிணற்று மோட்டார் இருக்கிறதே, அந்த மூன்று ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டார்தான். மேலே ஒரு கம்பியில் வரும் ஒற்றை ஃபேஸை முதலில் டிசியாக்கி, மறுபடி மூன்று ஃபேஸாக்கி, தேவையான வேகத்துக்கு ஏற்ப அதன் அதிர்வெண்ணையே மாற்றி அனுப்புகிறார்கள். இதில் என்ன லாபம் என்றால், இண்டக்‌ஷன் மோட்டார் தனக்குக் கொடுத்த அதிர்வெண்ணைத் தாண்டி ஓட முடியாது. ஒரு சக்கரம் பிடி விட்டாலும் கட்டுமீறிச் சுழலாது. டிரைவர் காது கேட்பதற்கு முன்னால் கம்ப்யூட்டர் சரிசெய்துவிடும். 6,000 குதிரைத்திறனுக்கு மேல். எடை வேக்-7-க்குச் சமம், அதே 123 டன். இழுவை மட்டும் 46 டன்னுக்கு மேல். தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். அந்தக் கட்டைவிரல் நகங்களை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

இறக்கத்தில் இன்னொரு வித்தை. மல்லானூரிலிருந்து ஜோலார்பேட்டைக்கு இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, கிடைக்கிற மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பி அனுப்பும். ஒரு வண்டி இறங்க, அதன் மின்சாரத்தில் இன்னொரு வண்டி ஏறலாம். ஏற்றக் கிணற்றில் ஒரு மாடு முன்னால் போக, ஒன்று பின்னால் வருவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

மாமா பயிற்சிக்குப் போய்விட்டு வந்த அன்று நானும் ஊரில் இருந்தேன்.

"எப்படி மாமா இருக்கு?"

"நல்லா இருக்குடா. ஆனா பேச மாட்டேங்குது."

"என்ன பேச மாட்டேங்குது?"

"வேக்-7 எல்லாம் சத்தம் போட்டுச் சொல்லும். டக் டக்னு நாட்ச் ஏறும். ரிலே விழுந்தா டார்கெட் தொங்கும். எது எங்கன்னு கைக்குத் தெரியும். இதுல நாட்சே இல்லை. லீவரைத் தள்ளினா எவ்வளவு வேணும்னு கேக்குது, அதுவே குடுக்குது. ஏதாச்சும் ஆச்சுன்னா ஸ்கிரீன்ல எழுத்து வருது. ஒரு போகியைத் தானே கழட்டி விட்டுட்டு, மீதியில போன்னு சொல்லுது."

ரப்பர் பேண்டு போட்ட புத்தகம் அன்றிலிருந்து ஒதுங்கிவிட்டது என்று சொல்ல ஆசை. ஆனால் அவர் ஓய்வு பெறும்வரை அதைப் பெட்டியில் வைத்திருந்தார். கம்ப்யூட்டர் வந்த இஞ்சினில் ஜிஆர் இல்லை, க்யூஓபி இல்லை, எம்விஎஸ்எல் இல்லை. சர்க்யூட் பிரேக்கருக்கும் ஒழுங்காக இங்கிலீஷில் விசிபி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு மொழி ஒரு தலைமுறையில் அழிவதை நான் நேரில் பார்த்தது அந்தக் கேபினில்தான். டிஜே மட்டும் போகவில்லை. விசிபியை இன்றைய இளம் அசிஸ்டெண்டுகளும் டிஜே என்றுதான் சொல்கிறார்கள்.

வேக்-9-க்கும் இனிஷியல்கள் வந்தன. முதலில் 9எச். இனிஷியல் படிக்கத் தெரிந்த நான் ஹிட்டாச்சி என்று பந்தயம் கட்டித் தோற்றேன். இங்கே எச் என்றால் ஹெவி. அச்சுக்கு 20.5 டன்னாக இருந்ததை 22.5 டன் வரை ஏற்றினார்கள். எப்படி? வேண்டுமென்றே எடை சேர்த்து! உலகமே எடையைக் குறைக்கப் பாடுபடும்போது, சரக்கு இஞ்சினுக்கு மட்டும் சோறு போட்டு உடம்பை ஏற்றுகிறார்கள். கனம் கூடினால்தான் பிடி கூடும். பிறகு 9எச்சி, 9,000 குதிரைத்திறனோடு 9எச்எச், இரண்டை முதுகோடு முதுகாகக் கட்டிய ட்வின் என்று குடும்பம் பெரிதாகிக்கொண்டே போகிறது.

எக்ஸ்பிரஸ் வண்டிகளை இழுக்கும் வேப்-7 இருக்கிறதே, அது வேக்-9-இன் உடன்பிறப்பு. பல்சக்கரம்தான் முக்கிய வித்தியாசம். சரக்கு இஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற மோட்டார் 5 சுற்றுக்குச் சற்று மேல் சுற்றும். வேப்-7-இல் 3.6 சுற்று போதும். ஒன்றுக்கு இழுவை, ஒன்றுக்கு வேகம். ஒரே தாய் வயிற்றில் பிறந்து ஒருவன் மூட்டை தூக்கவும், ஒருவன் அஞ்சலோட்டக்காரனாகவும் போனதுபோல.

வேக்-10, வேக்-11 கதை எனக்குப் பிடிக்கவில்லை. வாரணாசியில் பழைய டீசல் இஞ்சின்களைப் பிரித்து மின்சார இஞ்சின்களாக மாற்றி, இரண்டிரண்டாகச் சேர்த்தார்கள். 2019 பிப்ரவரியில் பிரதமர் கொடியசைக்க, பெரிய விழா நடந்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய அளவோடு நின்றுபோயிற்று. மின்மயமாக்கும் வேகத்தில் வேலையிழக்கப்போகும் நல்ல டீசல்களை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் சரிதான். ஆனால் பக்கத்திலேயே சித்தரஞ்சன் புது வேக்-9-களை வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் தள்ளிக்கொண்டிருக்கும்போது, ஒட்டுப்போட்ட சட்டைக்கு யார் காத்திருப்பார்கள்?

அப்புறம் வேக்-12. பீகாரின் மதேபுராவில், கோசி ஆற்றுச் சமவெளியில் ஒரு ஆலை. 2015-இல் போட்ட ஒப்பந்தம், 800 இஞ்சின்கள், ஒவ்வொன்றும் 12,000 குதிரைத்திறன். இரண்டு உடம்பு சேர்ந்தது ஒரு இஞ்சின், எட்டு அச்சு, 180 டன். 2020 மே மாதம் வேலைக்கு வந்தது. அடுத்த ஜனவரியில், மேற்குச் சரக்குப் பாதையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கன்டெய்னர் அடுக்கிய ஒன்றரைக் கிலோமீட்டர் நீள வண்டியை இழுத்தது. அடுக்கு கன்டெய்னருக்காகவே கம்பியை அங்கே வழக்கத்தைவிட உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். கேபினில் ஏசி உண்டு. மே மாத மத்தியானம் காட்பாடியைத் தாண்டும்போது வேக்-5 கேபினில் என்ன சூடு இருக்கும் என்று மாமா சொல்லக் கேட்டவன் என்பதால், குதிரைத்திறனைவிட அந்த ஏசிதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இப்போது குஜராத்தின் தாஹோதில் சீமென்ஸ் 9,000 குதிரைத்திறன் இஞ்சின்களைச் செய்ய ஆரம்பித்திருக்கிறது. 2025 மே மாதம் முதல் இஞ்சின் வந்தாயிற்று. ஆக, ஜெர்மன்காரரும் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்.

வேக்-12-ஐ நான் முதலில் பார்த்தது நாக்பூர் பக்கத்தில். டெல்லி போகும் வண்டி ஒரு வளைவில் சிக்னலுக்காக நின்றுவிட்டது. பக்கத்துத் தடத்தில் நிலக்கரி ரேக் ஒன்று மெதுவாக வந்தது. முதலில் சத்தமே இல்லை. அப்புறம் தரையில் ஓர் அதிர்வு. அப்புறம் அந்த நீண்ட இரட்டை உடம்பு. அது கடந்துபோகும் இடத்தில், தடத்தோரக் கம்பத்தில் ஒரு பலகை இருந்தது. நியூட்ரல் செக்‌ஷன் வருகிறது, பிரேக்கரைத் திறந்துவிட்டுக் கடந்துபோ என்று டிரைவருக்குச் சொல்லும் பலகை. ஒரு சப்ஸ்டேஷனின் மின்சாரமும் அடுத்ததன் மின்சாரமும் கலந்துவிடாமல் நடுவே கொஞ்ச தூரம் உயிரில்லாமல் விட்டிருப்பார்கள். வண்டி தன் வேகத்திலேயே அதைத் தாண்ட வேண்டும். பலகையில் இரண்டெழுத்து: டிஜே.

மதேபுரா ஆலையை நடத்துவது அல்ஸ்டோம். பழைய ஆல்ஸ்தோம்தான், பெயரில் ஓர் எழுத்தை உதிர்த்துக்கொண்டு.

உடனே மாமாவுக்குப் போன் போட்டேன். இப்போது அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். நாற்பது வருட இஞ்சின் சத்தம் சும்மா விடுமா? இரண்டு முறை கத்திச் சொன்ன பிறகு புரிந்தது.

"பன்னெண்டாயிரமா? வழுக்குதா?"

"வழுக்கலை மாமா. அதை விடுங்க. பிரெஞ்சுக்காரன் கம்பெனி இஞ்சின், டிஜேன்னு போட்ட போர்டுக்குக் கீழே போகுது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அவனுங்களுக்காச்சும் டிஜேன்னா என்னன்னு தெரியும்ல?" என்றார்.